பதினைந்தாவதாக வந்த பெயர்: 2013 என்பிஏ டிராஃப்ட், ஒரு நிகழ்வு ஆய்வு

2013 ஜூன் 27, வியாழக்கிழமை இரவு. இடம் புரூக்ளினின் பார்க்லேஸ் சென்டர். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) கமிஷனராக இருந்த டேவிட் ஸ்டெர்னுக்கு அதுதான் கடைசி டிராஃப்ட், அதாவது புதிய வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் இரவு. மேடையேறி அவர் வாசித்த முதல் பெயர், கிளீவ்லேண்ட் அணி எடுத்த ஆன்டனி பென்னெட். தொலைக்காட்சி மேசையில் இருந்த வல்லுநர்களே திகைத்துப் போனார்கள். வெளியான முன்கணிப்புப் பட்டியல்களில் பெரும்பாலானவை அவரை முதலிடத்தில் வைத்திருக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து, மில்வாக்கி பக்ஸ் முறை வந்தபோது ஸ்டெர்ன் திக்கித் திணறி ஒரு கிரேக்கப் பெயரை வாசித்தார்: ஜியானிஸ் அன்டெட்டோகூன்போ. ஒல்லியான பதினெட்டு வயதுப் பையன் எழுந்தான். பார்வையாளர் வரிசையில் அவன் அண்ணன் தனாசிஸ் கிரேக்கக் கொடியை அசைத்தார். அரங்கில் இருந்தவர்களில் அவன் ஆடிப் பார்த்தவர்கள் சொற்பம்.

முடிவு இன்று எல்லோருக்கும் தெரிந்ததுதான். பென்னெட் நான்கு அணிகளில் மொத்தம் 151 ஆட்டங்கள் ஆடி, 2017 ஜனவரியோடு என்பிஏ-வை விட்டு வெளியேறினார். சராசரி ஆட்டத்துக்கு 4.4 புள்ளி. ஜியானிஸ் 2019, 2020 இரு ஆண்டுகளிலும் எம்விபி (பருவத்தின் மிகச் சிறந்த வீரர்). 2021 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் 50 புள்ளி எடுத்து மில்வாக்கிக்குக் கோப்பையை வாங்கித் தந்தார். அதே இரவில் 27ஆவதாக எடுக்கப்பட்ட ரூடி கோபேர் ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை நான்கு முறை பெற்றவர்.

இதை வைத்து 'கிளீவ்லேண்டுக்குக் கண் இல்லை' என்று கேலி பேசுவது சுலபம். ஆனால் ஜியானிஸுக்கு முன் பதினான்கு தேர்வுகள், கோபேருக்கு முன் இருபத்தாறு தேர்வுகள் நடந்திருக்கின்றன. எல்லா அணிகளிடமும் ஸ்கவுட்டுகள் (வீரர்களைப் போய்ப் பார்த்து மதிப்பிடுபவர்கள்), மருத்துவர்கள், வீடியோ, புள்ளிவிவரப் பிரிவு என்று எல்லாம் இருந்தன. அத்தனை பேரும் ஒரே இரவில் குருடானார்கள் என்பது விளக்கம் ஆகாது. அன்று மேசை மேல் என்ன இருந்தது, எது இல்லை, தேர்வுக்குப் பிறகு என்ன நடந்தது என்று பிரித்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

பந்து உருண்ட விதம்

டிராஃப்ட்டில் முப்பது அணிகள் முறை வைத்து, இரண்டு சுற்றுகளில் அறுபது வீரர்களை எடுக்கும். எந்த அணிக்குப் போவது என்று வீரர் தீர்மானிக்க முடியாது. பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப்புக்குத் தகுதி பெறாத பதினான்கு அணிகளுக்குள் முன்னுரிமையைத் தீர்மானிப்பது குலுக்கல். ஒன்று முதல் பதினான்கு வரை எண்ணிட்ட பந்துகளில் நான்கை எடுத்தால் 1001 சேர்க்கைகள் வரும். ஒன்றைத் தள்ளிவிட்டு மிச்சம் ஆயிரத்தை அணிகளுக்குப் பங்கிடுவார்கள். 2013-இல் 20 வெற்றி 62 தோல்வியோடு கடைசியில் நின்ற ஆர்லாண்டோவுக்கு 250 சேர்க்கைகள், ஷார்லட்டுக்கு 199, 24 வெற்றி 58 தோல்வியோடு இருந்த கிளீவ்லேண்டுக்கு 156. விழுந்தது கிளீவ்லேண்டுக்கு. எட்டாமிடத்தில் நின்ற வாஷிங்டன் மூன்றாமிடத்துக்குத் தாவியது.

கிளீவ்லேண்டின் அதிர்ஷ்டம் அந்த ஆண்டோடு நிற்கவில்லை. 2011-இல் கிளிப்பர்ஸிடமிருந்து வாங்கி வைத்திருந்த, 2.8 சதவீத வாய்ப்பே கொண்ட தேர்வு முதலிடம் பிடித்தது (அதில் வந்தவர் கைரி அர்விங்). 2014-இல் 1.7 சதவீத வாய்ப்பில் மறுபடியும் முதலிடம். நான்கு ஆண்டில் மூன்று முறை. டிராஃப்ட் கணிக்க முடியாதது என்று பேசும்போது எல்லோரும் வீரர்களைப் பற்றியே பேசுகிறார்கள். அந்த இரவு வருவதற்கு ஐந்து வாரம் முன்பே பாதி விதி பந்துக் கூடைக்குள் எழுதப்பட்டுவிடுகிறது. 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் சமமாக 14 சதவீதம் என்று மாற்றிவிட்டார்கள். குலுக்கலின் பங்கு இன்னும் கூடியதுதான் பலன்.

கட்டுப் போட்ட பட்டியல்

2013 பட்டியலின் தனித்தன்மை ஒன்றுண்டு: மேலே இருந்தவர்களில் பலர் ஓடவே முடியாத நிலையில் இருந்தார்கள். முதலிடத்துக்கு அதிகம் பேசப்பட்ட கென்டக்கி பல்கலையின் நெர்லென்ஸ் நோயல், பிப்ரவரி 12 அன்று புளோரிடாவுக்கு எதிரான ஆட்டத்தில் இடது முழங்காலில் ஏசிஎல் தசைநார் கிழிந்து விழுந்தார். மேரிலாண்டின் உக்ரைனிய சென்டர் (வளையத்தருகே ஆடும் உயரமான வீரர்) அலெக்ஸ் லென்னுக்கு இடது கணுக்காலில் எலும்பு விரிசல். லீஹை பல்கலையின் சி.ஜே. மெக்கல்லம் ஜனவரியில் இடது பாதத்தை முறித்துக்கொண்டிருந்தார். பென்னெட்டுக்கு மே மாதம் இடது தோள்பட்டையில் அறுவை சிகிச்சை. முதல் பத்துத் தேர்வுகளில் நான்கு பேர் கட்டுப் போட்டவர்கள்.

டிராஃப்டுக்கு முந்தைய வேலை வரிசையாக நடப்பது. நவம்பர் முதல் மார்ச் வரை கல்லூரி ஆட்டங்கள். மே மாதம் சிகாகோவில் காம்பைன்: காலணி இல்லாமல் உயரம், கை விரிப்பு, நின்றபடி கை எட்டும் உயரம், நின்று குதிப்பது, ஓடிக் குதிப்பது, முக்கால் மைதான ஓட்டம், மருத்துவப் பரிசோதனை, நேர்காணல். ஜூனில் ஒவ்வொரு அணியும் தன் மைதானத்துக்கு வீரரை வரவழைத்து நடத்தும் ஒர்க்அவுட். இந்தக் கடைசிக் கட்டம்தான் இந்த நால்வருக்கும் ஏறக்குறைய இல்லாமல் போனது. தோள்பட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கும் ஆளை எப்படி வீசச் சொல்வது? மிஞ்சியது வீடியோவும் எக்ஸ்ரேவும்தான்.

ஒர்க்அவுட் இல்லாமல் போனது பெரிய இழப்பு என்றும் சொல்ல முடியாது. ஆளில்லாத மைதானத்தில், நாற்காலியைத் தடுப்பாட்டக்காரராக வைத்து வீசும் ஐம்பது பந்துகள், ஐந்து மாதம் பார்த்த ஆட்டங்களை மறக்கடிக்கும் வல்லமை கொண்டவை. எத்தனையோ அணிகள் அதில் ஏமாந்திருக்கின்றன. ஒர்க்அவுட்டின் உண்மையான பயன் வேறு: இரண்டு நிமிட இடைவிடாத ஓட்டத்துக்குப் பிறகு ஆள் எப்படி மூச்சு வாங்குகிறான் என்று நேரில் பார்க்கலாம். பென்னெட் விஷயத்தில் அதைப் பார்க்கத்தான் வாய்ப்பில்லை.

பென்னெட்டின் கோப்பு

அவர் காகிதத்தில் மோசமானவர் அல்ல. நெவாடா லாஸ் வேகஸ் பல்கலையில் ஒரே ஆண்டு, 35 ஆட்டங்கள்: 16.1 புள்ளி, 8.1 ரீபவுண்ட் (உள்ளே விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 53 சதவீத வீச்சு, தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து வீசும் மூன்று புள்ளி வீச்சில் 37.5 சதவீதம். 6 அடி 8 அங்குலம் என்று பட்டியலிடப்பட்ட கனத்த உடல், நீண்ட கை, வெடித்தெழும் குதி. இப்படிப்பட்ட பவர் ஃபார்வர்டு (வளையத்தருகே பலத்தோடு ஆடுபவர்) தூரத்திலிருந்தும் வீசுவான் என்றால் எந்த அணிக்கும் நாக்கில் எச்சில் ஊறும்.

அந்த 37.5 சதவீதத்தை மட்டும் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். அது நூறுக்கும் குறைவான வீச்சுகளில் வந்த எண். ஐந்தே ஐந்து பந்துகள் வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்திருந்தால் அது 32-க்கு இறங்கியிருக்கும்; 'தூரத்திலிருந்து வீசத் தெரிந்தவர்' என்ற அடைமொழியே காணாமல் போயிருக்கும். கணக்குப்படி இத்தனை குறைந்த வீச்சுகளில் 37.5 என்பதற்குப் பொருள், உண்மையான திறன் 28-க்கும் 47-க்கும் இடையில் எங்கோ இருக்கலாம் என்பதுதான். போதாக்குறைக்கு அன்றைய கல்லூரிக் கோடு 20 அடி 9 அங்குலத்தில் இருந்தது. என்பிஏ கோடு மேல் வளைவில் 23 அடி 9 அங்குலம். மூன்றடி பின்னால் போக வேண்டும். இதற்கு அனுபவசாலிகள் பார்ப்பது ஃப்ரீ த்ரோ. தடுக்க ஆளில்லை, தூரம் மாறாது, கை ஓட்டத்தின் சுத்தம் அதில் தெரியும். பென்னெட்டின் ஃப்ரீ த்ரோ 70 சதவீதம் அளவில் இருந்தது. கெட்டதல்ல; ஆனால் நல்ல வீச்சாளருக்கான சான்றும் அல்ல. என்பிஏ முதல் ஆண்டில் அவர் மூன்று புள்ளி வீச்சு 24.5 சதவீதத்தில் நின்றது.

இரண்டாவது சிக்கல் எந்த இடத்தில் ஆட வைப்பது என்பது. பவர் ஃபார்வர்டுக்கு உயரம் கொஞ்சம் குறைவு, வெளிப்பக்கம் ஆடும் ஸ்மால் ஃபார்வர்டுக்கு வேகம் குறைவு. கல்லூரியில் இந்த இரண்டுங்கெட்டான் நிலை சாதகமாக இருக்கும், எதிராளியும் சிறியவன்தானே. என்பிஏ-வில் அதுவே பந்தைத் தடுக்கும் இரவெல்லாம் பாதகம். இதை எல்லா ஸ்கவுட்டுகளும் எழுதித்தான் வைத்திருந்தார்கள். கூடவே கிளீவ்லேண்டிடம் அதே இடத்தில் ட்ரிஸ்டன் தாம்ப்சன் இருந்தார். 2011-இல் நான்காவது தேர்வைச் செலவழித்து எடுத்தவர்.

உண்மையில் கவிழ்த்தது இவை எதுவும் அல்ல என்பது எங்கள் கணிப்பு. கவிழ்த்தது உடம்பு. தோள் அறுவை சிகிச்சையால் அந்தக் கோடை முழுக்கப் பயிற்சி இல்லை, புதுமுகங்கள் ஆடும் சம்மர் லீகும் இல்லை. எடை ஏறியிருந்த நிலையில் அக்டோபர் முகாமுக்கு வந்தார். ஆஸ்துமா இருந்தது. உறக்கத்தில் மூச்சடைப்பு நோய் இருந்தது. முதல் பருவம் முடிந்தபின் டான்சில், அடினாய்டு இரண்டையும் அகற்றினார்கள். இரவில் சரியாகத் தூங்காத, ஓடினால் மூச்சு வாங்கும் இருபது வயதுப் பையன், ஆறு மாதத்தில் 82 ஆட்டம் என்ற ஓட்டத்துக்குள் தள்ளப்பட்டான். முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு வீச்சுகூட உள்ளே விழவில்லை. ஐந்தாவதில்தான் முதல் கூடை. பருவ முடிவில் 52 ஆட்டங்கள், 4.2 புள்ளி, 35.6 சதவீத வீச்சு. இடையே பிப்ரவரியில் சாக்ரமென்டோவுக்கு எதிராக 19 புள்ளி, 10 ரீபவுண்ட் எடுத்த இரவும் ஒன்று உண்டு. லாஸ் வேகஸில் பார்த்த ஆள் ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அதற்குள் அணி பொறுமை இழந்துவிட்டது. பொது மேலாளர் கிறிஸ் கிராண்ட் பிப்ரவரி 2014-இலேயே நீக்கப்பட்டார். எடுத்தவர் போனபின், எடுக்கப்பட்டவருக்காகப் பேச அலுவலகத்தில் ஆளில்லை. இது டிராஃப்டில் அடிக்கடி நடக்கும், அதிகம் பேசப்படாத விபத்து. முன்பு கிளீவ்லேண்டில் ஆடிய பெரும் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் திரும்பி வந்த கையோடு, ஆகஸ்டில் பென்னெட்டையும் 2014-இன் முதல் தேர்வான ஆண்ட்ரூ விக்கின்ஸையும் மினசோட்டாவுக்கு அனுப்பி, அங்கிருந்த நட்சத்திர வீரர் கெவின் லவ்வை வாங்கினார்கள். முதல் தேர்வு வீரர்கள் இருவர் ஒரே பேரத்தில் கைமாறினார்கள்.

ஏதென்ஸில் கிடைத்த கோப்பு

ஜியானிஸின் கோப்பில் எண்களே குறைவு. 2012-13 பருவத்தில் கிரேக்கத்தின் இரண்டாம் நிலை லீக்கில், ஏதென்ஸின் ஃபிலாத்லிட்டிகோஸ் குழுவுக்காக ஆட்டத்துக்கு 9.5 புள்ளி, 5 ரீபவுண்ட். அங்கே எதிரே ஆடியவர்களில் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஆட வருபவர்களும் உண்டு. அந்த 9.5 எதற்குச் சமம் என்று சொல்ல எந்த மாற்று விகிதமும் கிடையாது. நைஜீரியப் பெற்றோருக்கு ஏதென்ஸில் பிறந்த அவருக்கு 2013 மே 9 வரை குடியுரிமையே இல்லை. ஆகவே வயதுப் பிரிவு சர்வதேசப் போட்டிகளில் அவரைப் பார்த்தவர் யாரும் இல்லை. பார்க்க வேண்டுமென்றால் ஏதென்ஸுக்கு டிக்கெட் போட்டு, சின்ன ஜிம்மில் பலகை இருக்கையில் உட்கார வேண்டும்.

போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தவை: 6 அடி 9 அங்குலம், பெரிய உள்ளங்கை, பந்தைத் தட்டிக்கொண்டே மைதானத்தை நான்கைந்து எட்டில் கடக்கும் கால், பாஸ் கொடுக்கும் பார்வை, கம்பு போன்ற உடம்பு. தெரியாதவை: இன்னும் வளர்வாரா, அந்தத் தோள் எவ்வளவு தசை தாங்கும், கடும் பயிற்சியைப் பொறுப்பாரா. இந்த மூன்றுக்கும் விடை 'ஆம்' என்று வந்தது. அதுவும் எல்லோரும் எதிர்பார்த்ததைத் தாண்டி. டிராஃப்டுக்குப் பிறகு அவர் இரண்டு அங்குலம் வளர்ந்தார். எந்த ஸ்கவுட்டும் இரண்டு அங்குலத்தை முன்கூட்டிப் பார்த்திருக்க முடியாது. பார்த்தேன் என்பவர் பிற்பாடு சொல்கிறார்.

வயது இதில் முக்கியம். ஒருவர் டிராஃப்டில் நிற்க, அந்தக் காலண்டர் ஆண்டுக்குள் 19 வயது நிறைய வேண்டும். ஜியானிஸ் பிறந்தது 1994 டிசம்பர் 6. இன்னும் 26 நாள் தள்ளிப் பிறந்திருந்தால் 2014 பட்டியலுக்குப் போயிருப்பார். அந்த ஓராண்டில் அவர் ஸ்பெயினில் ஆடியிருப்பார். சரகோசா கிளப்புடன் ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார். ஸ்பெயினின் முதல்நிலை லீக்கில் முப்பது ஆட்டங்களை எல்லோரும் பார்த்திருந்தால் பதினைந்தாமிடம் வரை அவர் மிஞ்சியிருப்பாரா? மில்வாக்கியின் கோப்பை அந்த 26 நாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

மில்வாக்கிக்கு பதினைந்தாவது முறை கிடைத்ததும் ஒரு வேடிக்கை. 38 வெற்றி 44 தோல்வி என்ற சுமாரான கணக்கோடு கிழக்கு மண்டலத்தில் எட்டாமிடம் பிடித்து, முதல் சுற்றில் மயாமியிடம் நான்குக்கு பூஜ்யம் என்று தோற்றவர்கள். மிக மோசமும் இல்லை, நல்லதும் இல்லை. எவ்வளவு ஓடினாலும் நகராத 'டிரெட்மில்' என்று விமர்சகர்கள் கிண்டல் செய்யும் இடம் அது. பொது மேலாளர் ஜான் ஹாம்மண்டுக்கு இழக்க அதிகம் இல்லை.

கடந்து போன பதினான்கு தேர்வுகளில் எல்லாமே திறமைக் கணிப்பு அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். பதின்மூன்றாவது இடத்தில் இருந்த டாலஸை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடையில் அவர்கள் கண் முழுதும் நட்சத்திர சென்டர் ட்வைட் ஹோவர்ட் மீது. அவருக்குச் சம்பள வரம்பில் இடம் வேண்டும். முதல் சுற்று வீரருக்கு, எடுக்கப்பட்ட இடத்தைப் பொறுத்து சம்பளம் முன்பே நிர்ணயம்: முதல் தேர்வான பென்னெட்டுக்கு முதல் ஆண்டு சுமார் 53 லட்சம் டாலர், பதினைந்தாவதான ஜியானிஸுக்குச் சுமார் 18 லட்சம். கீழே போகப் போகச் செலவு குறையும். டாலஸ் பதின்மூன்றைக் கொடுத்துப் பதினாறு வாங்கியது, பதினாறைக் கொடுத்துப் பதினெட்டு வாங்கியது. ஜியானிஸ் நடுவில் பதினைந்தில் போய்விட்டார். ஹோவர்ட் ஜூலையில் ஹூஸ்டனுக்குப் போனார். சில லட்சம் டாலர் இடத்துக்காக நடந்த பேரம் அது. வீரரின் தகுதி பற்றிய வாதமே அங்கு இரண்டாம்பட்சம்.

இன்னொரு கேள்வியையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். கிளீவ்லேண்ட் அன்று ஜியானிஸை முதலாவதாக எடுத்திருந்தால் இன்றைய ஜியானிஸ் கிடைத்திருப்பாரா? மில்வாக்கி அடுத்த பருவத்தில் 15 வெற்றி 67 தோல்வி என்று லீக்கிலேயே கடைசி. தோற்பதற்கென்றே இருந்த அந்த ஆண்டில் 77 ஆட்டங்களில், ஆட்டத்துக்கு 24 நிமிடத்துக்கு மேல் அவரை விட்டுவைத்தார்கள். தப்பான பாஸ் கொடுத்தால் உடனே பெஞ்சில் உட்கார வைக்க அங்கே அவசரம் இல்லை. சராசரி 6.8 புள்ளி, யாரும் குறை சொல்லவில்லை, பதினைந்தாவது தேர்வுக்கு அது போதும். அதே 6.8 முதலாவது தேர்வின் பெயருக்கு எதிரே அச்சாகியிருந்தால் தலைப்புச் செய்தி வேறு. பிளேஆஃப் வேண்டும் என்று முதலாளி அவசரப்பட்ட கிளீவ்லேண்டில், லெப்ரான் வந்த 2014 கோடையில், அவரும் கெவின் லவ் பேரத்தில் மினசோட்டாவுக்கு மூட்டை கட்டப்பட்டிருக்கலாம்.

முதல் ஆண்டு எண்களின் பொய்

இந்தப் பட்டியலின் முதல் ஆண்டுப் புள்ளிச் சராசரிகளை இறங்குவரிசையில் அடுக்கினால்: மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ் 16.7, விக்டர் ஒலடிப்போ 13.8, ஜியானிஸ் 6.8, மெக்கல்லம் 5.3, பென்னெட் 4.2, கோபேர் 2.3, ஓட்டோ போர்ட்டர் 2.1. கடைசிப் பெயரைப் பாருங்கள். மூன்றாவது தேர்வான போர்ட்டரின் முதல் ஆண்டு பென்னெட்டினுடையதில் பாதி. நான்கு ஆண்டு கழித்து அதே போர்ட்டருக்கு வாஷிங்டன் 10 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் கொடுத்துத் தக்கவைத்தது. முதல் பெயரான கார்ட்டர்-வில்லியம்ஸ் தன் முதல் ஆட்டத்திலேயே நடப்பு சாம்பியன் மயாமிக்கு எதிராக 22 புள்ளி, 12 அசிஸ்ட் (கூடையில் முடிந்த பாஸ்), 9 ஸ்டீல் (எதிராளியிடம் பறித்த பந்து) என்று குவித்தார். சிறந்த புதுமுக விருதும் அவருக்கே. அவர் ஆடிய பிலடெல்பியா அந்த ஆண்டு தொடர்ச்சியாக 26 ஆட்டம் தோற்ற அணி. வேகமாக ஆடும், பந்தை அவர் கையிலேயே விட்டுவிடும் அணியில் எண்கள் ஊதிப் பெருக்கும். வீச்சு சரியில்லை என்பது பிலடெல்பியாவுக்கே தெரிந்திருந்தது: விருது வாங்கி ஓராண்டுக்குள், 2015 பிப்ரவரியில், அவரை விற்றுவிட்டார்கள்.

இது ஏதோ சுவையான துணுக்கு என்று விட்டுவிட முடியாது. முதல் சுற்று வீரரின் ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டு உறுதி. மூன்றாம், நான்காம் ஆண்டுகள் அணியின் விருப்பம். அந்த மூன்றாம் ஆண்டுக்கான முடிவை, முதல் பருவம் முடிந்த பின் வரும் அக்டோபர் 31-க்குள் எடுத்தாக வேண்டும். கையில் ஒரே ஒரு பருவத்தின் எண்கள். அதுவும் மேலே பார்த்தபடி தலைகீழாகப் பேசும் எண்கள். விதியே அவசரத்தை எழுதி வைத்திருக்கிறது. உயரமான வீரர்களுக்கு இது இன்னும் அநியாயம். பந்தை நடத்திச் செல்லும் பாயின்ட் கார்டு முதல் நாளே பந்தைத் தொடுவான். சென்டர் எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்று கற்கவே இரண்டு பருவம் பிடிக்கும்.

எடுக்கப்படாதவர்

கிளீவ்லேண்ட் அந்த இரவு மூன்று பேரை எடுத்து வந்தது: முதலாவதாக பென்னெட், 19-இல் ரஷ்யாவின் செர்கே கரசேவ், 33-இல் கேரிக் ஃபீலிக்ஸ். 2014 ஆகஸ்ட் முடிவதற்குள் மூவரும் அணியில் இல்லை. அதே வகுப்பிலிருந்து கிளீவ்லேண்டில் நிலைத்தவர், அறுபது பெயர்களில் ஒன்றாகக்கூட வாசிக்கப்படாத ஆஸ்திரேலியர் மாத்யூ டெல்லவெடோவா. செயின்ட் மேரிஸ் கல்லூரியில் நான்காண்டு ஆடி முடித்தவர். வேகம் இல்லை, குதி இல்லை என்று எல்லோரும் தள்ளினார்கள். செப்டம்பரில் சத்தமில்லாமல் ஒப்பந்தம் செய்தார். 2015 இறுதிச் சுற்றில், கைரி காயம்பட்டு விழுந்தபின், மூன்றாவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிராக 20 புள்ளி எடுத்து வென்று கொடுத்தார். 2016 கோப்பை அணியிலும் இருந்தார். ராபர்ட் கோவிங்டனும் ஸ்டெஃப் கறியின் தம்பி சேத்தும் அந்த ஆண்டில் எடுக்கப்படாமல் விடப்பட்டவர்களே.

அணிகள் செய்யக்கூடியது என்ன

தவறே நடக்காத முறை கிடையாது. தவறின் விலையைக் குறைக்கும் முறைகள் உண்டு. வீரருக்கு ஒரே மதிப்பெண் போடுவது முதல் பிழை. உடல் அளவு, திறன், மருத்துவம், வயது, பழக்கம் ஐந்தையும் தனித்தனித் தாளில் வைத்து, ஒவ்வொன்றிலும் நம்பகம் எவ்வளவு என்றும் குறித்தாக வேண்டும். கை நீளம் அளவுநாடாவில் வருவது, நூற்றுக்கு நூறு நம்பலாம். நூறு வீச்சில் வந்த சதவீதத்தைப் பாதிதான் நம்பலாம். ஐந்தையும் கூட்டி 87 என்று எழுதிவிட்டால், எது திடம் எது காற்று என்பது யாருக்கும் தெரியாமல் போகும்.

பட்டியலை எண்வரிசையாக இல்லாமல் படிகளாகப் பிரிப்பது அடுத்தது. 2013-இல் முதல் படி என்றே ஒன்று இல்லை. இரண்டாம் படியில் எட்டு பத்துப் பேர் நெருக்கியடித்து நின்றார்கள். அப்படிப்பட்ட ஆண்டில் முதலாவது முறைக்கும் ஆறாவது முறைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதால், மேல் முறையைக் கொடுத்து இரண்டு கீழ் முறைகளை வாங்குவது லாபம். சொல்வது எளிது, எல்லா அணிக்கும் அதே கணக்குத் தெரியுமென்பதால் அந்த ஆண்டு மேல் முறையை வாங்க யார் வருவார்?

மூன்றாவது, எடுத்தபின் ஆட வைக்கும் இடம். கோபேர் முதல் ஆண்டில் யூட்டாவில் ஆட்டத்துக்குப் பத்து நிமிடம்கூட ஆடவில்லை. இடையே பல என்பிஏ அணிகள் பங்கிட்டுக்கொண்ட, கீழ்நிலை லீக்கின் பேக்கர்ஸ்ஃபீல்ட் குழுவுக்கு அனுப்பப்பட்டார். இன்று ஏறக்குறைய எல்லா அணிக்கும் சொந்த ஜி லீக் (அந்தக் கீழ்நிலை லீக்கின் இன்றைய பெயர்) குழு இருக்கிறது. ஒரே பயிற்சி முறை, ஒரே ஆட்ட அழைப்புகள். 2017 முதல் இரண்டு இடத்திலும் மாறி மாறி ஆட வைக்கும் டூ-வே ஒப்பந்தமும் வந்துவிட்டது. பென்னெட்டுக்கு இது கிடைக்கவில்லை. முதலாவது தேர்வைக் கீழே அனுப்புவது மானப் பிரச்சினையாகவே அன்று பார்க்கப்பட்டது.

கோபேரின் கை

இந்த வகுப்பில் ஒளிவுமறைவில்லாத கோப்பு கோபேருடையது. சிகாகோ காம்பைனில் அவர் கை விரிப்பு 7 அடி 8.5 அங்குலம், நின்றபடி கை எட்டும் உயரம் 9 அடி 7 அங்குலம்; இரண்டும் அன்றைக்கு அங்கே பதிவானவற்றில் உச்சம். வளையம் பத்தடியில் இருக்கிறது. பாதம் தரையில் ஊன்றியபடியே அவர் விரல் வளையத்துக்கு ஐந்தங்குலம் கீழே நிற்கும். இதைக் காண ஏதென்ஸுக்குப் போக வேண்டாம், முப்பது அணியும் ஒரே அறையில் அளவுநாடாவோடு நின்று பார்த்தன. இருந்தும் 26 முறை கடந்து போனார். ஒல்லி, இடுப்பு பலமில்லை, கனத்த சென்டர்கள் தள்ளிவிடுவார்கள் என்பது வாதம். 2013-இல் அது சரியான வாதம்தான். லீக் அதற்குப் பிறகு மாறியது. தோளால் தள்ளி ஆடும் சென்டர்கள் குறைந்து, எல்லோரும் மூன்று புள்ளிக் கோட்டுக்குப் போனார்கள். வளையத்தின் கீழ் தனியாக நின்று வருவோர் வீச்சையெல்லாம் கெடுக்கும் நீண்ட கைக்கு விலை ஏறியது. ஸ்கவுட்டின் கண் வீரரைச் சரியாகவே அளந்தது. அவர் எந்த லீக்கில் ஆடப்போகிறார் என்பதை அளக்க நாடா இல்லை.

27ஆவது முறையில் அவரை எடுத்தது டென்வர். வைத்துக்கொள்ளவில்லை. 46ஆவது தேர்வான எரிக் கிரீனுக்கும் ரொக்கத்துக்கும் அந்த இரவே யூட்டாவுக்குக் கொடுத்துவிட்டது. டென்வரில் பொறுப்பேற்றுப் பத்தே நாளான டிம் கானலி செய்த பேரம் அது. மறு ஆண்டு, 2014-இல், அதே கானலியின் குழு 41ஆவதாக ஒரு செர்பியரை எடுத்தது; அமெரிக்கத் தொலைக்காட்சியில் பெயர் வந்தபோது டாக்கோ விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர்தான் நிகோலா யோகிச், பின்னால் மூன்று எம்விபி. கையை விட்டவரும் கையில் பிடித்தவரும் ஒரே ஆள், பன்னிரண்டு மாத இடைவெளியில்.

2022 கோடையில் கானலி மினசோட்டாவுக்கு மாறினார். வந்ததும் செய்த முதல் பெரிய வேலை, யூட்டாவிடமிருந்து கோபேரை வாங்கியது. ஒன்பது ஆண்டு முன்பு 46ஆவது தேர்வுக்கும் ரொக்கத்துக்கும் கொடுத்த ஆளுக்கு இம்முறை கொடுத்த விலை: நான்கு முதல் சுற்றுத் தேர்வுகள், 2026-இல் ஒரு தேர்வை மாற்றிக்கொள்ளும் உரிமை, ஐந்து வீரர்கள். பலரும் சிரித்தார்கள். 2024-இலும் 2025-இலும் மினசோட்டா மேற்கு மண்டல இறுதி வரை போனது. சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. அந்த ஐந்து வீரர்களில் ஒருவன், சில வாரம் முன்புதான் 22ஆவதாக எடுக்கப்பட்டு, மினசோட்டா சீருடையில் ஒரு ஆட்டம்கூட ஆடாத வாக்கர் கெஸ்லர் என்ற ஏழடிச் சென்டர். அடுத்த வசந்தத்தில், ஆண்டின் சிறந்த புதுமுகங்கள் என்று அறிவிக்கப்படும் முதல் ஐவரில் அவன் பெயர் இருந்தது, யூட்டாவின் சார்பில்.